மோட்டார் இஞ்சினில் ஒரு சிலிண்டர் தவறுதல்: காரணமும் பரிகாரமும்

நமது புதுக்கோட்டை ஜில்லாவில் மோட்டார் வண்டியானது இக்காலத்தில் ஏரும் பம்புசெட்டும் போல விவசாயச் சாமான்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. வடகாட்டுப் பலாப்பழமும், கீரமங்கலம் பக்கத்து மல்லிகையும் சம்பங்கியும், ஆலங்குடிப் பகுதியின் நிலக்கடலையும் வாழைத்தாரும் சந்தைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் சிறு வேன்களிலேயாம். விதைக்கும் உரத்துக்கும் போய் வருவதும், அகால வேளையில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அநேக கிராமங்களில் அதே வேனின் வேலையாக இருக்கிறது. விடியற்காலையில் பறித்த பூ, வெயில் ஏறுமுன் கடைக்கு வராவிடில் அதன் விலை பாதிக்கும் கீழே போய்விடும் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் வண்டியின் இஞ்சின் சரிவர ஓடுவதும் ஓடாததும் விவசாயியின் வரவு செலவைச் சேர்ந்த விஷயமேயாகும்.

இஞ்சினுக்கு வரும் கோளாறுகளுள் மிகவும் சாதாரணமானதும், மிகவும் அலட்சியம் செய்யப்படுவதும், ஒரு சிலிண்டர் தவறுதல் என்பதாம். இதனை நமது மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்று சொல்லுவார்கள். வண்டி நின்று போவதில்லை. எப்படியோ நகர்ந்து கொண்டுதான் இருக்கும். ஆதலால் அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று வண்டிக்காரர் தள்ளிப் போடுகிறார். இவ்விதம் தள்ளிப் போடுவதால் ஒரு பிளக்கின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரக்கணக்கில் வந்து சேருவது எவ்வாறு என்பதையும், கோளாறு இருக்குமிடத்தை ஊகத்தினால் அன்றிச் சோதனையினால் கண்டறிவது எவ்வாறு என்பதையும் இங்கே விவரிப்போம்.

இஞ்சின் வேலை செய்யும் விதம்

மோட்டார் இஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்குவதில் ஒரு சுற்று வேலை முடிகிறது. முதலில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. பிறகு அக்கலவை நெருக்கப்படுகிறது. மூன்றாவதாகப் பிளக்கில் தோன்றும் தீப்பொறி அதனைக் கொளுத்த, அது வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதாக எரிந்த புகை வெளியே செல்லுகிறது. இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தரம் வெடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் இஞ்சினில் ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 1,500 தரம், அதாவது ஒரு செகண்டில் 25 தரம் வெடிக்கிறது. இவற்றுள் சில வெடிகளோ அல்லது எல்லாமோ நிகழாமற் போவதுதான் தவறுதல்.

வெடி நிகழ்வதற்கு வேண்டியவை மூன்றே: தக்க அளவுள்ள கலவை, போதிய நெருக்கம், உரிய தருணத்தில் பலமான பொறி. கலப்பில்லாத பெட்ரோலாயின் 1 பங்கு எடைக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு எடை வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தது என்று கேட்பதே பரிசோதனை முழுவதும். இதைத் தவிர வேறு இரகசியம் இத்தொழிலில் ஒன்றுமில்லை.

தள்ளிப் போடுவதன் நஷ்டம்

1984-ஆம் ஆண்டு முதல் 2019-ஆம் ஆண்டு வரையில் உற்பத்தியாகி, இன்னும் நமது கிராமங்களில் ஓடிக் கொண்டிருக்கும் மாருதி ஆம்னி வேனை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அதன் இஞ்சின் 796 கன சென்டிமீட்டர் அளவும் மூன்று சிலிண்டர்களும் உடையது. அதில் ஒன்று வேலை செய்யாவிடில் நஷ்டமாவது மூன்றில் ஒரு பங்கு பலம் மாத்திரம் என்று எண்ணுதல் கூடாது. மற்ற இரண்டும் செத்துக் கிடக்கும் மூன்றாவதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் நஷ்டம் அதனினும் அதிகமே. பாரம் ஏற்றிக் கொண்டு மேட்டில் ஏறும்போது இது நன்றாய்த் தெரியும்.

வேலை செய்யாத சிலிண்டருக்கும் பெட்ரோல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவி விடுகிறது. ரிங்குகளின் வழியாகக் கீழே கசிந்து இஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த எண்ணெயினால் பேரிங்குகள் தேய்கின்றன. ஒரு பிளக்கின் குற்றத்துக்காக இஞ்சின் முழுவதும் தண்டனை அனுபவிக்கிறது.

எஞ்சிய பெட்ரோல் புகைக் குழாயின் வழியே வெளியேறும்போது மற்றொரு தீங்கும் செய்கிறது. சுமார் இருபத்தைந்து ஆண்டுகளாக வந்துள்ள பெட்ரோல் வண்டிகளின் புகைக் குழாயில், நச்சுப் புகையைச் சுத்தி செய்வதற்காகக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற ஒரு பெட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனுள்ளே தேனடை போன்ற பீங்கானின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய அரிய உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. விலையும் அதற்குத் தக்கபடியே. எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரிவதால் பெட்டி அளவுக்கு மீறிக் காய்ந்து, உள்ளிருக்கும் தேனடை உருகி அடைத்துக் கொள்ளும். காய்ந்த இப்பெட்டியோடு வண்டியைக் களத்து வைக்கோலின் மேலோ, காய்ந்த கடலைக் கொடியின் மேலோ கொண்டு போய் நிறுத்தினால் தீப்பற்றும் என்பதைக் களத்து மேட்டில் வண்டி நிறுத்துபவர்கள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டும்.

அடையாளங்கள்

வண்டி நிற்கும்போது இஞ்சின் சீராகச் சுற்றாமல் உடம்பெல்லாம் நடுங்கும். புகைக் குழாயின் ஓசை ஒரே தாளமாக இல்லாமல் இடையிடையே ‘புப்’பென்று விழும். குழாயின் வாய்க்கு நேரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால், நல்ல இஞ்சினில் அது ஒரே சீராக வெளியே தள்ளப்படும். தவறும் இஞ்சினில் விட்டு விட்டு ஆடும். வால்வு எரிந்து போயிருந்தால் சில வேளை உள் நோக்கியும் இழுக்கப்படும். பச்சைப் பெட்ரோல் வாசனை வீசும். மேடேறுகையில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும்.

புதிய வண்டிகளில் இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரே இதைக் கண்டுபிடித்து விடுகிறது. ஒவ்வொரு வெடியின்போதும் இஞ்சினின் சுழற்சி சற்றே வேகம் கொள்ளும். அந்த வேகம் குறித்த இடத்தில் வராவிட்டால், இன்ன சிலிண்டர் தவறிற்று என்று அது கணக்கிட்டு, டிரைவருக்கு எதிரே இஞ்சின் விளக்கை ஏற்றுகிறது. அவ்விளக்கு அசையாமல் எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று விரைவில் சோதிக்கலாம். மின்னி மின்னி அணைந்தால் மேற்சொன்ன கன்வர்ட்டர் அபாயத்தில் இருக்கிறதென்று அர்த்தம். உடனே வேகத்தையும் பாரத்தையும் குறைத்து, கூடிய சீக்கிரம் நிறுத்துவதே உத்தமம். விளக்கின் ஒயரைப் பிடுங்கி விட்டு நிம்மதியாக ஓட்டுபவர்களும் உண்டு. வீட்டு நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டுவது போன்றதுதான் அது.

எப்பொழுது தவறுகிறது?

கருவியைக் கையில் எடுக்குமுன் வண்டிக்காரர் தாமே விடை காணவேண்டிய கேள்வி இது. தேர்ந்த மெக்கானிக் முதலில் கேட்பதும் இதைத்தான்.

மழை நாளிலோ பனி பெய்த காலையிலோ மாத்திரம் தவறி, வெயில் ஏறியபின் சரியானால், பிளக் ஒயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ காயிலிலோ வெடிப்பிருந்து, ஈரத்தின் வழியாக மின்சாரம் ஒழுகுகிறதென்று அறியலாம். இருட்டில் இஞ்சினை ஓட விட்டு மூடியைத் திறந்து பார்த்தால், ஒழுகுமிடத்தில் நீல நிறப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பாரத்தோடு மேடேறும்போது மட்டும் தவறினால் பொறி பலவீனமானது. சிலிண்டருக்குள் நெருக்கம் அதிகப்பட அதிகப்படப் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு மின்சாரத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். சும்மா நிற்கும்போது தாண்டிய பொறி, பாரம் ஏறியதும் தாண்ட மாட்டாமல் நின்று விடுகிறது. இடைவெளி அகன்று போன பழைய பிளக்கும், சோர்ந்து போன காயிலும் இவ்வகைக்குக் காரணம். கியாஸில் ஓடும் வண்டிகளுக்குப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவைப்படுவதால், பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் வண்டி கியாஸுக்கு மாற்றினவுடன் தவறுவதும் இதனாலேயே.

இதற்கு நேர்மாறாக, சும்மா நிற்கும்போது தவறி, வேகம் கொடுத்ததும் சரியாகுமானால், காற்று உள்ளே செல்லும் மேனிபோல்டின் கேஸ்கெட்டில் ஓட்டை விழுந்து வேண்டாத காற்று நுழைகிறது. அல்லது ஒரு வால்வு சரிவர மூடுவதில்லை. வேகமாக ஓடும்போது கசிவதற்கு நேரம் போதாது; மெதுவாக ஓடும்போது தாராளமாக நேரமிருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளப்பியதும் சிறிது நேரம் தவறி, வெள்ளை ஆவி கக்கிப் பின் தெளிந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்து வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிற்று என்று சந்தேகிக்க வேண்டும். இதைத் தாமதிக்கவே கூடாது.

எந்தச் சிலிண்டர்?

ஒன்றே ஒன்று தவறுகிறதா, அல்லது எல்லாம் மாறி மாறித் தவறுகின்றனவா என்பது அடுத்த கேள்வி. எல்லாம் தவறினால் எல்லாவற்றுக்கும் பொதுவான பெட்ரோல் பம்பு, பில்டர், கார்புரேட்டர், காயில் முதலியவற்றில் குற்றம். ஒன்று மாத்திரம் தவறினால் அந்த ஒன்றுக்கே உரிய பிளக், ஒயர், இன்ஜெக்டர், வால்வு இவற்றில் குற்றம். இந்த ஒரு பாகுபாட்டினாலேயே பாதி வேலை தீர்ந்து விடும். இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே காயில் அமைந்த வண்டிகளில் அவ்விரண்டும் சேர்ந்து தவறினால் முதலில் காயிலையே பார்க்க வேண்டும்.

சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இஞ்சின் உடனே சோர்ந்து அதிகமாய் நடுங்கும். ஏற்கெனவே செத்ததை நிறுத்தினால் யாதொரு மாறுதலும் இராது. செத்த மாட்டை ஏரிலிருந்து அவிழ்த்தால் உழவு குறையாது அல்லவா! இன்ஜெக்டர் வைத்த வண்டிகளில் இன்ஜெக்டரின் ஒயர்ச் சொருகியைக் கழற்றுவதே சிறந்த வழி. பெட்ரோலே வராமற் போவதால் கன்வர்ட்டருக்குத் தீங்கில்லை. கார்புரேட்டர் வண்டிகளில் இஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதை வேறொரு உதிரிப் பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் இரும்பு உடம்பை இஞ்சினின் மேல் நன்றாகப் பதிய வைத்துக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒயரை வெறுமனே காற்றில் தொங்க விட்டால், போக இடமில்லாத மின்சாரம் காயிலையும் எலெக்ட்ரானிக் உறுப்பையும் கெடுத்து விடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பிளக் ஒயரில் ஓடுவது 15,000 முதல் 30,000 வோல்ட் வரையிலும், புதிய வண்டிகளில் அதற்கு மேலும் இருக்கும். ஓடுகின்ற இஞ்சினில் வெறுங்கையால் அதைத் தொடலாகாது. இருதய நோய்க்கு உடலில் கருவி பொருத்தியிருப்பவர்கள் அருகிலேயே வரக்கூடாது. பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறிச் சோதனை செய்யவே கூடாது.

ஸ்கேனர் என்னும் கருவி வைத்திருக்கும் பட்டறைகளில் இவ்வேலை இன்னும் எளிது. அதைச் சொருகினால் பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது என்று இவ்வாறே எண் சொல்லும்; பி 0300 என்று வந்தால் குறித்த ஒன்றாக இன்றிப் பலவும் மாறித் தவறுகின்றன என்று பொருள். முதல் சிலிண்டர் என்பது சாதாரணமாகக் கியர் பெட்டிக்கு எதிர்ப்புறம், பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து எண்ணப்படும். ஆனால் ஸ்கேனர் எந்தச் சிலிண்டர் என்று சொல்லுமேயன்றி ஏன் என்று சொல்லாது. பி 0302 என்று கண்டவுடனே காயிலையும் இன்ஜெக்டரையும் சேர்த்து மாற்றி விடச் சொல்பவரிடம் வண்டிக்காரர் அவசரப்பட்டுத் தலையசைக்க வேண்டாம்.

இடம் மாற்றிப் பார்த்தல்

இக்கட்டுரையில் வாசகர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொள்வதானால், இம்முறையை வைத்துக் கொள்ளலாம். பணச் செலவே இல்லாதது. முடிவோ ஐயத்துக்கு இடமில்லாதது.

இரண்டாவது சிலிண்டர் தவறுகிறதென்று கொள்வோம். அதிலுள்ள பிளக்கை முதல் சிலிண்டரிலும், முதலாவதில் உள்ளதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்பொழுது முதல் சிலிண்டர் தவறினால் குற்றம் பிளக்கினுடையதே; வேறு எதையும் தொட வேண்டாம். தவறுதல் இரண்டாவதிலேயே நின்றால் பிளக் நிரபராதி. அடுத்தபடியாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் காயிலை அதேபோல் இடம் மாற்றலாம். ஒயர் உள்ள வண்டியில் நீளம் ஒத்திருந்தால் ஒயரை மாற்றலாம். அதுவும் நிரபராதியானால் இன்ஜெக்டர். அதுவும் இல்லையென்றால் நெருக்கத்தை அளக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாமலே போகும். குணமாகிவிட்டாலும், நல்ல சாமான் ஒன்றைக் குப்பையில் போட்டிருப்போம்.

ஒயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டிக் கொள்ளுதல் அவசியம். ஆம்னியின் மூன்று சிலிண்டர்களும் 1, 3, 2 என்ற வரிசையில் வெடிப்பவை. நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவை 1, 3, 4, 2 என்ற வரிசையைச் சேர்ந்தவை. ஒயர் இடம் தவறினால் இல்லாத கோளாறு புதிதாக உண்டாகும்.

பிளக் சொல்லும் சேதி

பிளக்கைக் கழற்றுவது இஞ்சின் ஆறிய பிறகே செய்யத் தக்கது. சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை உரிந்து வந்து விடும். நமது ஜில்லாவின் செம்மண் புழுதி பிளக் குழியில் படிந்து கெட்டியாகிக் கிடக்கும். பம்பினால் காற்றடித்து அதை வெளியேற்றாமல் பிளக்கைத் திறந்தால் அவ்வளவு மணலும் சிலிண்டருக்குள்ளே விழுந்து சுவரைக் கீறி விடும். இந்த ஒரு கவனக் குறைவினால் கெட்ட இஞ்சின்கள் குறைவல்ல.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு பலகையின் மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நுனி இளம்பழுப்பு நிறமாயிருந்தால் சிலிண்டர் ஆரோக்கியமாயிருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். காற்றுப் பில்டரில் புழுதி அடைத்திருந்தாலும் இப்படியாகும். எண்ணெய்ப் பிசுக்குடன் ஈரமாயிருந்தால் ரிங்கோ வால்வின் சீலோ தேய்ந்து இஞ்சின் எண்ணெய் மேலே வருகிறது. எத்தனை பிளக் மாற்றினாலும் சில வாரங்களில் திரும்பவும் இப்படியே ஆகும். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது பெட்ரோல் போதவில்லை. மற்றவையெல்லாம் பழுப்பாயிருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போலப் பளிச்சென்று இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் வருகிறது. வெள்ளைப் பீங்கானில் தலைமயிர் போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அவ்வழியே ஓடுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இடைவெளியை பீலர் கேஜினால் அளக்க வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டரும், பின்னர் வந்தவற்றில் பலவற்றிற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரும் வழக்கம். வண்டியின் புத்தகத்தில் கண்ட அளவே பிரமாணம். இரிடியம் நுனியுள்ள பிளக்குகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தலும் நெம்பி வளைத்தலும் ஆகா. பொருத்தும்போது முதலில் கையினாலேயே மரை முழுவதும் ஓட்ட வேண்டும். வாஷர் உள்ள புதுப் பிளக் கையால் இறுகிய பின் அரைச் சுற்று முதல் முக்காலுக்குச் சற்றுக் குறைவு வரை திருப்பினால் போதும். ஸ்பானரில் குழாய் சொருகி இறுக்குவது பலசாலித்தனமேயன்றி வேலைத் திறமை ஆகாது.

எலியும் உப்புக் காற்றும்

கடலை பிடுங்கிய பிறகு வயலிலிருக்கும் எலிகள் வீட்டையும் வைக்கோற் போரையும் நாடி வருகின்றன. இரவில் சூடாறாத இஞ்சின் அவற்றுக்கு நல்ல படுக்கை. ஒயரின் உறை நல்ல தீனி. நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று காலையில் திடீரென்று தவறினால், எல்லாவற்றுக்கும் முன்னே விளக்கைப் பிடித்து ஒயர்களைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டருக்குச் செல்லும் மெல்லிய ஒயர் கடிபட்டிருந்தால் பற்றவைத்து உறை போட்டு உபயோகிக்கலாம். பிளக் ஒயர் கடிபட்டிருந்தால் டேப் சுற்றுவதில் பிரயோஜனம் இல்லை. அத்தனை வோல்ட் டேப்பைத் துளைத்துக் கொண்டு வெளிவரும். புதிதாகவே மாற்ற வேண்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினால் சொருகிகளுக்குள் பச்சைக் களிம்பு ஏறி மின்சாரம் தடைப்படுவதுண்டு. இஞ்சினையும் பாட்டரியையும் சேர்க்கும் எர்த்துப் பட்டையையும் அங்குள்ளவர்கள் அடிக்கடி சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குதல் நலம்.

பாயிண்டும் கண்டன்சரும் உள்ள பழைய அம்பாஸடர், ஜீப் வண்டிகளில் பாயிண்டின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்றிவிடலாம். இது ஒன்றே நாம் மேலே சொன்ன விதிக்கு விலக்கு.

பெட்ரோலைப் பற்றி

இந்தியாவில் 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலுடன் 20 சதவீதம் எதனால் கலப்பது எட்டப்பட்டது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளம், அரிசி முதலிய தானியங்களிலிருந்தும் எடுக்கப்படுவதாதலால் எதனால் விவசாயிகளுக்கு அந்நியமான சரக்கன்று. எனினும் அதற்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மாதக் கணக்கில் பாதி டாங்கியுடன் நிற்கும் வண்டியில் ஈரம் சேர்ந்து, ஓர் அளவுக்கு மேற்பட்டதும் தண்ணீரும் எதனாலும் ஒன்றாகக் கூடி அடியில் தங்கிவிடும். பம்பு முதலில் உறிஞ்சுவது அதையே. சந்தேகமிருந்தால் டாங்கியின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தால் அடியில் வேறு நிறமான திரவம் பிரிந்து நிற்பது தெரியும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் எதனாலினால் ஊறித் தளர்ந்து, துகள் உதிர்ந்து பில்டரை அடைப்பதும் உண்டு. அவற்றைத் தக்க ரகத்துக்கு மாற்றிக் கொள்வது நலம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆந் தேதி கஜா புயல் அடித்த பின் நம் கிராமங்கள் வாரக் கணக்கில் மின்சாரமின்றி இருந்ததும், குடிதண்ணீருக்கே ஜெனரேட்டரை நம்ப வேண்டியிருந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய சமயத்துக்கென்று வைத்திருக்கும் சிறு பெட்ரோல் இஞ்சின்களை மாதம் ஒரு முறையாவது ஓட்டி, நாட்பட்ட பெட்ரோலை வடித்து வைக்க வேண்டும்.

எரிபொருளைப் பற்றிய கஷ்டம் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது தென்னாட்டுப் பஸ்கள் கரி வாயுவினால் ஓட்டப்பட்டன, மதுரை டி. வி. எஸ். கம்பெனியார் அதற்கான கியாஸ் பிளாண்டைச் செய்து கொடுத்தார்கள். கரியின் தூசியும் தாரும் பிளக்கிலும் வால்விலும் படிந்து இஞ்சின் தவறுவது அக்காலத்து டிரைவர்களின் அன்றாடத் தொல்லை. பிளக்கைப் பார்த்தே இஞ்சினின் நோயைச் சொல்லும் வித்தை அவர்களிடம் வளர்ந்ததில் வியப்பில்லை.

மேனிபோல்டில் காற்று நுழைகிறதா என்பதை அறிய, சோப்புத் தண்ணீரை இணைப்புகளின் மேல் சிறிது சிறிதாகத் தெளிக்கலாம். ஓட்டையுள்ள இடத்தில் பட்டதும் இஞ்சினின் ஓசை மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள்; அது வீட்டுக்குத் தீ வைக்கும் வேலை.

நெருக்கத்தை அளத்தல்

பொறியும் பெட்ரோலும் சரியாயிருந்தும் தவறினால், எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் காயிலின் மின்சாரத்தையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் கேஜை வைத்து ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்க்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 14 கிலோ வரை காட்டுவது பெட்ரோல் இஞ்சினில் சாதாரணம். அளவைவிட, சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். எண்ணெய் ரிங்கின் சந்தை அடைப்பதால் அளவு ஏறினால் குற்றம் ரிங்கில். ஏறாவிடில் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றின் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வு என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டாப்பட் இடைவெளி குறைந்து வால்வு மூடாமலிருக்கலாம். அதைச் சரி செய்து பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும். இஞ்சினைப் பிரிக்க வேண்டுமென்று எந்தப் பட்டறையில் சொன்னாலும், ஒவ்வொரு சிலிண்டரின் நெருக்க அளவையும் எழுதிக் கேட்டு வாங்குவது வண்டிக்காரரின் உரிமை. அந்த எண்கள் இல்லாமல் பிரிக்கச் சம்மதிக்கலாகாது.

டீசல் வண்டிகள்

டிராக்டரிலும் டீசல் ஜீப்பிலும் பொறிப் பிளக் கிடையாது. நெருக்கத்தின் சூட்டினாலேயே டீசல் தீப்பற்றுகிறது. பழைய மாதிரி மெக்கானிக்கல் பம்பு உள்ளவற்றில், இஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர்க் குழாயின் நட்டையும் ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். தளர்த்தியும் ஓசை மாறாத சிலிண்டரே குற்றவாளி. டீசல் தீர்ந்து காற்றுப் புகுந்திருந்தாலும் தவறும். அப்போது காற்றை வெளியேற்றினாலே போதும். ஆனால் காமன் ரெயில் என்னும் புதிய அமைப்புள்ள வண்டிகளில் இவ்விதம் நட்டைத் தளர்த்துவது உயிருக்கே அபாயம். அங்கே டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கு மேற்பட்டு, சிலவற்றில் 2,000 பார் வரையிலும் இருக்கும். ஊசி முனை போல் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்துவிட்டால் வலியில்லை என்று இராமல் அந்தக்ஷணமே ஆஸ்பத்திரிக்குச் சென்று, டீசல் பாய்ந்தது என்பதைச் சொல்லி அறுவைச் சிகிச்சை வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

ஒன்றிய அலுவலகத்திலும் ஊராட்சியிலும் வண்டி வைத்திருக்கும் அதிகாரிகள், மாற்றிய சாமான், அன்றைய கிலோமீட்டர் எண், எந்தச் சிலிண்டர், என்ன அறிகுறி என்பவற்றை ஒரு புத்தகத்தில் குறித்து வருதல் உபயோகமாகும். ஒரே சிலிண்டரில் ஆறு மாதத்துக்குள் மூன்று பிளக் மாற்றியிருப்பது அப்புத்தகத்தில்தான் தெரிய வரும். மாற்றிய பழைய சாமானைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பில்லோடு வைப்பதும் நல்ல வழக்கம்.

கோளாறு தீர்ந்த பின் செய்ய வேண்டிய வேலை இன்னும் இரண்டு உண்டு. எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்து பார்த்துப் பெட்ரோல் வாசனை அடித்தாலும், எண்ணெயின் மட்டம் முன்னிருந்ததைவிட ஏறியிருந்தாலும், கெடு வருமுன்னரே எண்ணெயையும் பில்டரையும் மாற்றிவிட வேண்டும். பிறகு வழக்கமான பாரத்தை ஏற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஆறவிட்டு, பழுது பார்த்த சிலிண்டரின் பிளக்கை மறுபடியும் ஒருமுறை கழற்றி மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். நிறம் ஒத்திருந்தால் வண்டியை மறுநாள் விடியற்காலைப் பூவுக்கு அனுப்பலாம்.